அடியும் உரிமையும்



நிறவெறிக் கொடுமையிலிருந்து உரிமைப் போராட்டம் பிறப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள். அமெரிக்க வரலாற்றைக் கொண்டே இதனை விளக்குவது வழக்கம். நான் நம் தமிழ் மக்களின் வரலாற்றிலிருந்து தொடங்குகின்றேன்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற கப்பல் ஒன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றோர் நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாக அமர்த்தப்பட்டவர்கள். ஒப்பந்தக் காலத்தில் முதலாளியை விட்டு நீங்கினால், அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, அங்கே இளம் வழக்கறிஞராயிருந்த காந்தியடிகளிடம் வந்தார். வெள்ளை முதலாளி அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிந்தது. தலைப்பாகையைக் கையில் ஏந்தி நின்றார். வெள்ளையர்முன் தலைப்பாகையோடு நிற்கலாகாது என்பது அந்நாட்டு வழக்கு. காந்தியடிகள் முதலில் அவரைத் தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொன்னார். பின்னர் மருத்துவரிடம் அனுப்பிக் காயத்திற்குச் சான்றிதழ் பெற்றார். உடனே நடுவரிடம் அழைத்துச் சென்று முறையிடச் செய்தார். பாலசுந்தரம் அம்முதலாளியிடமிருந்து விடுபட்டு வேறொருவரிடம் மாற்றப்பட்டார். நமக்காகவும் பேச ஒருவர் உண்டு என்னும் செய்தி தோட்டந்தோறும் பரவியது.

ராசிங்காபுரத்தில் நான் இப்பாடத்தை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, “அடிபட்டால் உரிமை கிடைத்துவிடுமா, ஐயா?” என்று வினவினான். ஏலமலைத் தோட்டங்களுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளை அவன். நல்ல வினா அது. பாலசுந்தரத்திற்கு முன்னும் எத்தனையோ பேர் அடிபட்டனர். அவர்களுக்கு விடுதலை கிட்டவில்லை. காயம் சான்றாக வேண்டும். சான்று பலர் நெஞ்சைத் தொட வேண்டும். தொட்ட நெஞ்சங்கள் ஒன்றுகூட வேண்டும்.

1913இல் அவ்வாறே நிகழ்ந்தது. ஒப்பந்தம் முடிந்து அங்கே தங்கியவர்கள் ஆண்டுதோறும் 3 பவுன் வரி கட்ட வேண்டியிருந்தது. கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்ப் பெண்கள் தடையை மீறி டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் சென்று, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். ஈராயிரத்திற்கு மேற்பட்டோர் எல்லையை நோக்கி நடந்தனர். அரசு கசையடி தந்தது. கரும்புத் தோட்டங்களில் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து, சிலர் மாண்டனர். சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, அங்கே கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறாம் வயதில் உயிர் நீத்தாள். எனினும் ஒளித்துவைக்க இயலாத செய்தியாயிற்று அது. வைசிராய் ஹார்டிஞ்சு பிரபுவே சென்னையில் அவ்வரசைக் கண்டித்துப் பேசினார். 1914இல் வரி நீங்கியது, திருமணங்கள் ஏற்கப்பட்டன.

அமெரிக்காவிலும் இதுவே நெறி. 1955இல் எம்மெட் டில் என்னும் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் மிசிசிப்பியில் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு, குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. ஆனால் அவன் தாய் சவப்பெட்டியை மூட இசையவில்லை. சிதைந்த முகத்தை ஊரார் காணட்டும் என்றாள். அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கொமரி நகரில் பேருந்துப் புறக்கணிப்பு எழுந்தது. 1964இல் குடிமை உரிமைகள் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும் வந்தன.

சட்டம் வந்ததும் கொடுமை ஓய்ந்துவிடுவதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுடப்பட்டு மாண்டனர். எல்லா இனத்தாரும் வாக்களிக்க 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. நிறம் நின்ற இடத்தில் நம் நாட்டில் சாதி நிற்கின்றது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். தண்டனை பெற்ற நிலக்கிழார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல்தான் இயற்றப்பட்டது.

மாணவர்களே, அடிபட்டவரைக் கண்டு இரங்குவது எளிது. அவருக்காகச் சான்று சொல்வது கடினம். உரிமை பிறப்பது அங்கேதான். உங்கள் தெருவிலோ, பள்ளியிலோ ஒருவர் இழிவுபடுத்தப்பட்டால், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். அவரோடு சென்று நில்லுங்கள். படித்தவரிடம் நாடு எதிர்பார்க்கும் முதற்கடமை அது.