முத்திரையும் முகமும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகமொன்றின் வெள்ளி விழாவில் முகப்பூச்சையும் கூந்தல் தைலத்தையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். இப்பொருளை நமக்குத் தந்தவள் நம் விடுதி மாணவி ஒருத்தியே. விழா மலருக்காக நிழற்படம் எடுக்க மாணவியரை வரிசையாக நிறுத்தினோம். வகுப்பில் முதலாவதாகத் தேறியவள் கடைசி வரிசைக்குப் போய் மறைந்து நின்றாள். காரணம் கேட்டோம். “நான் கறுப்பு, டீச்சர். படம் நல்லா இருக்காது” என்றாள். தந்தையார் கூலிப் பணத்திலிருந்து அனுப்பிய கைச்செலவுத் தொகையில் வாங்கிய முகப்பூச்சுக் குழாயையும் அவளே எடுத்துக் காட்டினாள்.

கணக்கும் அறிவியலும் நாம் கற்பித்தோம். தன் முகத்தைப் பற்றி அவள் என்ன எண்ண வேண்டும் என்பதையோ கடைவீதி கற்பித்துவிட்டது. அப்பாடம் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை நாம் அறிந்தாக வேண்டும்.

சோப்பு, தைலம், களிம்பு ஆகியவற்றைப் பல தொழிற்சாலைகள் ஏறத்தாழ ஒரே வகை மூலப்பொருள்களைக் கொண்டே ஆக்குகின்றன. பொருளை மட்டும் விற்றால், வாங்குவோர் விலை குறைந்ததை நாடிப் போய்விடுவர். அவர்களைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ள வணிகர்க்கு ஒரு பெயரும், ஒரு வண்ணமும், ஒரு முகமும், ஒரு கதையும் தேவைப்படுகின்றன. அக்கதையின் தலைவி வாங்குபவளே. “இதைப் பூசுகிறவள் இத்தகையவள்” என்று அவள் நம்பத் தொடங்கிய பின், வேறொன்றை வாங்குவது தன்னையே மாற்றிக்கொள்வது போல அவளுக்குத் தோன்றும். இதுவே வணிக முத்திரையின் வலிமை. இவ்வலிமையைப் பெறுவதற்கு இரு வழிகள் உண்டு.

முதல் வழி, நாணச் செய்து விற்பது. 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரங்கள் பலவற்றில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது: கருநிறப் பெண்ணுக்கு மணமகன் அமையவில்லை, அல்லது வேலை கிடைக்கவில்லை, களிம்பைப் பூசினாள், நிறம் மாறியது, கதவு திறந்தது. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்பையடுத்து 2003இல் இத்தகைய விளம்பரங்கள் சில நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை எதிர்த்து உலகெங்கும் குரல் எழுந்த 2020ஆம் ஆண்டில், ‘ஃபேர்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘குளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாற்றப்பட்டது. இடையில் 45 ஆண்டுகள் கடந்திருந்தன. இவ்வழியில் கிடைக்கும் பற்று அச்சத்தால் விளைவது. புண் ஆறிவிட்டால் அடுத்த குழாய் விற்காது. ஆகவே புண் ஆறாமலே இருக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் வழிக்குச் சான்றாக அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி ஒருவரின் வரலாற்றைக் கூறுவோம். சாரா பிரீட்லவ் 1867இல் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். 7 வயதில் பெற்றோரை இழந்தார். 14 வயதில் மணம் புரிந்தார். 20 வயதில் கைம்பெண் ஆனார். செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்து மகளை வளர்த்தார். அவருக்குத் தலையில் நோய் கண்டு முடி உதிர்ந்தது. ஆனி டர்ன்போ என்ற மற்றொரு கறுப்பின வணிகப் பெண்மணியின் கூந்தல் மருந்தை விற்கும் முகவராகத் தொழில் பழகினார். பின்னர் ‘மேடம் சி. ஜே. வாக்கர்’ என்ற பெயரில் தாமே கூந்தல் களிம்பு செய்து விற்கலானார்.

அக்கால விளம்பரங்களில் கறுப்பினப் பெண்கள் கேலிச் சித்திரங்களாகவே பெரிதும் காட்டப்பட்டனர். வாக்கரோ தம் சொந்த நிழற்படத்தையே டப்பாவின் மேல் அச்சிட்டார். ‘மேடம்’ என்ற அடைமொழியையும் தாமே சூட்டிக்கொண்டார். வெள்ளையர் பலர் கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லியே அழைத்த காலம் அது. வெளுப்புத் தொழிலிலும் சமையலறை வேலையிலும் இருந்த பெண்களுக்குப் பயிற்சி தந்து முகவர்களாக்கினார். 1912இல் சிகாகோவில் தேசிய நீக்ரோ வணிகக் கழகம் கூடியபோது, தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. அவர் தாமாகவே எழுந்து நின்று, பருத்திக் காட்டிலிருந்தும் வெளுப்புத் தொட்டியிலிருந்தும் தாம் உயர்ந்த வரலாற்றை அவையோர்க்கு எடுத்துரைத்தார். 1917இல் பிலடெல்பியாவில் தம் முகவர்களின் மாநாட்டைக் கூட்டினார். மிகுதியாக விற்றவர்க்குப் பரிசளித்ததோடு, அறப்பணிக்கு மிகுதியாக ஈந்தவர்க்கும் பரிசளித்தார். கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைத் தடுக்கக் கோரி, அம்மாநாட்டுப் பெண்கள் குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினர். அப்பெண்கள் அம்முத்திரையின்மேல் பற்று வைத்தமைக்குக் காரணம் களிம்பின் மணம் மட்டுமா? அது அவர்களுக்குக் கூலியும், கூட்டமும், குரலும் தந்தது.

எனினும் இவ்வழியையும் ஆராயாது ஏற்றல் ஆகாது. கூந்தலை நேராக்குவது வெள்ளையரைப் பின்பற்றுவதே என்று அவர் இனத்தவருள் சிலர் கண்டித்தனர். தாம் கூந்தலை வளர்ப்பவரேயன்றி நேராக்குபவர் அல்லர் என்பது அவர் விடை. 1919இல் அவர் மறைந்தார். அதன்பின் அந்நிறுவனமே ‘டான்-ஆஃப்’ என்ற பெயரில் நிறம் வெளுக்கும் களிம்பையும் விற்றது. நம்மவர் தொடங்கியது என்பதற்காக ஒரு முத்திரை என்றென்றும் நமக்கு உரியதாய் இருந்துவிடாது என்பதை இதனால் உணர்கிறோம்.

முத்திரை என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. இன்ன துணியை இன்ன அளவுக்கே உடுத்தலாம், இன்ன உலோகத்தையே அணியலாம் என்று சாதி நம் உடல்மீது முத்திரை குத்தி வைத்திருந்தது. 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், தாழ்த்தப்பட்டவர் என்று அடையாளங்காட்டும் பழைய உடை முறையையும் அணிகளையும் கைவிடுமாறு அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்தினார். அடுத்த நாளே பெண்கள் பலர் புடவையைப் புதிய முறையில் உடுத்தி வந்தனர். உடையும் ஒப்பனையும் அற்பச் செய்திகள் என்று கருதுவோர் அந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பாராக.

ஆதலால், ஒப்பனையே கூடாது என்று நாம் கூறவில்லை. நல்லுடை உடுத்துவதும், தலை வாரி மலர் சூடுவதும் நம் பெண்களின் உரிமை. ஆனால் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதை விற்பவர் நம்மிடம் குறையைக் காட்டுகிறாரா, மதிப்பைக் காட்டுகிறாரா? நாம் தரும் காசு யாருக்குத் தொழிலும் உயர்வும் தருகிறது? இப்பொருள் இல்லாவிடில் நம்மிடம் எது குறைந்துபோகும்?

அம்மாணவியிடம் வாக்கர் அம்மையாரின் கதையைக் கூறினோம். மலருக்காக மீண்டும் எடுத்த படத்தில் அவள் இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். முதல் வரிசைக்கு அவள் தானாக வந்து நிற்க வேண்டும். அதற்கான பணி இக்கழகத்துக்கு அடுத்த 25 ஆண்டுகளிலும் உண்டு.