மலிவுக் கருவியா, தரமான கருவியா?

வீட்டிலேயே காரைப் பழுது பார்ப்பவர்கள் கருவிக் கடையில் தடுமாறும் கேள்வி இது. விலையைப் பார்க்கும் முன், அந்தக் கருவி செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

பெரோடுவா மைவியின் சக்கர நட்டைக் கழற்ற 21 மில்லிமீட்டர் சாக்கெட் தேவை. வாய் தளர்ந்த மலிவுச் சாக்கெட்டை மாட்டி அழுத்தினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். மழை இரவில், நெடுஞ்சாலை ஓரத்தில், குடும்பத்தோடு நிற்கும்போது, மிச்சம் பிடித்த சில ரிங்கிட் கைகொடுக்காது. குரோம் வனேடியம் எஃகில் செய்த ஆறு முனைச் சாக்கெட் நட்டின் பக்கங்களைப் பற்றிப் பிடிக்கும், எளிதில் நழுவாது.

அதற்காக எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. புனல், எண்ணெய்த் தட்டு, கம்பித் தூரிகை மலிவாகவே இருக்கட்டும்.

ஆனால், ஒன்றில் மட்டும் சிக்கனம் ஆகாது. ஜாக் காரைத் தூக்குவதற்கே. தாங்கி நிற்பதற்கு அல்ல. எண்ணெய் கசிந்தால் ஹைட்ராலிக் ஜாக் இறங்கிவிடும். காருக்கு அடியில் போகும் முன், சமமான கெட்டித் தரையில், தாங்கும் எடை குறிக்கப்பட்ட தரமான ஜாக் ஸ்டாண்டை நிறுத்துங்கள்.

மழுங்கிய நட்டை மாற்றலாம். நசுங்கிய கையை மாற்ற முடியுமா?