வெள்ளத்துக்கு விலகி நிற்பது இடப்பெயர்வு அல்ல

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான மாரிகால ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மாரி தொடங்கப் போகிறது. வன்னியில் காலபோகம் விளைவதும் குளங்கள் நிரம்புவதும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாத மழையால்தான். வெள்ளத்தைக் கொண்டு வருவதும் அதே மழைதான். நீங்கள் வெள்ளம் காணாதவர்கள் அல்ல. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது உங்களில் பலர் தறப்பாள் கொட்டில்களில் இருந்தீர்கள். ஆனால் இந்த ஊர் வெள்ளம் இப்போது எந்த வழியால் வரும் என்பது உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

ஏனென்றால், நீங்கள் இல்லாத காலத்தில் நிலம் மாறிவிட்டது. முன்பு தண்ணீர் ஓடிய வாய்க்காலில் இன்று பற்றைக்காடு நிற்கிறது. சில மதகுகள் தூர்ந்துபோய்விட்டன. வீதியை உயர்த்திப் போட்ட இடங்களில், முன்பு குறுக்கே பாய்ந்த தண்ணீர் ஒரு பக்கத்தில் தேங்கி நிற்கும். இந்தியாவில் பிறந்து வளர்ந்து வந்த பிள்ளைகளுக்கு ஊரில் பள்ளம் எது, மேடு எது என்பதே தெரியாது.

ஆகவே மழை பிடிக்க முன்னர் ஒரு நாள், ஊரிலுள்ள முதியவர்களையும் இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், எங்கே தேங்கும், எந்தப் பாதை முதலில் மூடப்படும் என்ற மூன்றையும் கேட்டு அறியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடங்களில் மட்டும் நடவுங்கள். வெள்ளம் மண்ணை அரிக்கும்போது புதைந்திருக்கும் வெடிபொருள் வெளியே தெரியலாம், இடமும் மாறலாம். அப்படி எதையும் கண்டால் தொடாதீர்கள். வந்த வழியே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு மேலே வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் வரலாம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கே ஓடி இரணைமடுக் குளத்துக்கு வருகிறது. அங்கே பெய்யும் மழைதான் இங்கே குளத்தை நிரப்புகிறது. 2018 டிசம்பர் பிற்பகுதியில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டிப் பகுதிகளில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே முற்றத்து மழையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். குளத்தின் நீர்மட்டம் பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் தரும் அறிவித்தலைக் கமக்காரர் அமைப்பு மூலம் கேட்டு அறியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம்.

எச்சரிக்கை வந்த பிறகும் சிலர் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. "இனி எங்கேயும் போகமாட்டோம், செத்தாலும் இந்தக் காணியிலேயே சாவோம்" என்று சொல்லும் அம்மாமார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை கதவைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை வருடம் கழித்து அந்தக் கதவடிக்குத் திரும்பி வந்தார்கள்! வந்தபோது கதவும் இருக்கவில்லை, கூரையும் இருக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

ஆனாலும் இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து உணருங்கள். வெள்ளம் சில நாளில் வற்றிவிடும். பாடசாலையிலோ பொதுநோக்கு மண்டபத்திலோ அந்தச் சில நாள் தங்குவதால் உங்கள் காணி உரிமை இல்லாமல் போகாது. அது இடப்பெயர்வு அல்ல, திரும்பி வருவதற்காக விலகி நிற்பது. அந்த அம்மா இதை நம்ப வேண்டுமென்றால் ஊர் அவருக்கு உறுதி கொடுக்க வேண்டும். யார் வந்து கூப்பிடுவார், எந்த வாகனத்தில் போவோம், ஆடு மாடுகளை எந்த மேட்டில் கட்டுவோம், எப்போது திரும்புவோம் என்பதெல்லாம் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதற்காகக் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். தனியாக இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள், நடக்க முடியாதவர்கள், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஆகியோரின் பெயர்கள் அதில் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, போய்க் கூப்பிட வேண்டிய அயலவரின் பெயரையும் எழுதுங்கள். பட்டியலின் ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள். வீட்டை விட்டுப் போகும்போது எங்கே தங்குகிறீர்கள் என்பதையும் அவருக்கு அறிவித்தால், உதவிப் பட்டியலில் உங்கள் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அயலுக்குள் மனவருத்தம் வருவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஒருவர் தன் வளவைச் சுற்றி மண் உயர்த்தினால், தண்ணீர் பக்கத்து வளவுக்குள் போகும். பக்கத்து வளவுக்காரர் இன்னும் திரும்பி வராதவராக இருந்தால், அவருக்காகக் கதைக்க அங்கே ஆள் இல்லை. அவரும் ஒருநாள் வருவார். ஆகவே வாய்க்காலைத் துப்புரவாக்குவது, மண் போடுவது எல்லாவற்றையும் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். குளக்கட்டையோ வீதியையோ யாரும் தன் விருப்பத்துக்கு வெட்டக்கூடாது. ஒரு வயலைக் காக்க வெட்டும் கட்டு, கீழேயுள்ள பல வீடுகளுக்கு ஆபத்தாக முடியும்.

உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி ஆகியவற்றைத் தண்ணீர் புகாத பையில் இட்டு உயரத்தில் வையுங்கள். அவற்றைத் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒருமுறை தொலைத்த பத்திரத்தை எடுக்க எத்தனை கந்தோர் ஏறி இறங்கினீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வெள்ளம் வற்றி வீடு திரும்பியதும் கிணற்றுத் தண்ணீரை உடனே குடிக்காதீர்கள். சுற்றியுள்ள நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை அவசரப்பட்டு இறைத்தால் அது இடிந்து விழக்கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன பிறகு இறைத்துக் குளோரின் இடுங்கள். அதுவரை பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்த தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பாம்பு கடித்தால் நேரத்தை வீணாக்காமல் 1990 அம்புலன்சை அழையுங்கள். சேற்றுத் தண்ணீரில் நின்றவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மழைக்கு இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. ஊரைச் சுற்றி நடக்கும் நாளையும் பட்டியல் எழுதும் ஆட்களையும் இன்று கலைந்து போக முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.