மசோதாவாக இருக்கும்போதே பேசுவோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசப் பல கூட்டங்கள் நடந்திருக்கின்றன, இனியும் நடக்கும். இன்று, அவற்றைப் பற்றிப் பேசக் கூடுவதற்கே நமக்குள்ள உரிமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூடவும் பேசவும் வழியில்லாத தொழிலாளி கூலி உயர்வு பெற்றதாகச் சரித்திரம் இல்லை.

"சட்டம் என்பது வக்கீல்களின் விவகாரம். பிரட்டுக்குப் போனோமா, நிரையை வெட்டினோமா, பாலை நிறுத்துக் கொடுத்தோமா என்று நாம் இருப்போம்" என்று சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நம் பாட்டன்மார்களே பதில் சொல்லிவிட்டார்கள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கூலி இருந்தது. அதோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் இருந்தன. உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பது இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. பால்வாளி தூக்கிய அந்த மக்கள், வயிற்றையும் வாயையும் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

தோழர்களே! மரத்தில் வெட்டு ஆழமாகப் போய்க் காயம் பட்டுவிட்டால், பட்டை மறுபடியும் நேராக வளரப் பல வருஷங்கள் ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சட்டமும் அப்படித்தான். ஒரு கெட்ட விதி நுழைவதற்கு ஒரு வாரம் போதும். அதை வெளியே எடுக்க ஒரு தலைமுறை போதாது. இதற்கு இரண்டு சாட்சிகளை உங்கள் முன் நிறுத்துகிறோம்.

முதல் சாட்சி 1948. அவ்வாண்டில் காலனி சர்க்கார் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. காரியதரிசியைத் தவிர மற்றச் சங்க நிர்வாகிகள் அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும் என்றது. ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே ஒன்றாகச் சேரலாம் என்றது. பார்வைக்கு ஏதோ அலுவலக ஒழுங்கு போலத் தோன்றும் இரண்டு வரிகள். ஆனால் தோட்டத் தொழிலாளி, துறைமுகத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி எல்லாரையும் ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்திருந்த அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனம் அதோடு சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. தொழிலுக்குத் தொழில் வேலி போடும் அந்த எண்ணம், 1959ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திலும் ஏறி உட்கார்ந்தது. தொழில் வகையைக் காட்டிச் சங்கம் அமைப்பதைத் தடுத்த அந்த வேலி நீங்கியது எப்போது தெரியுமா? 2024 செப்டம்பர் 15ஆம் தேதி. எழுபத்தாறு ஆண்டுகள்! அந்த வேலி போட்டபோது பிறந்த பிள்ளை, அது நீங்கும்போது பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இரண்டாவது சாட்சி 1960. அவசரகாலம் அவ்வாண்டு ஜூலை 31ஆம் தேதி முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணையின்றி ஒருவரை ஈராண்டு அடைக்கலாம். பிறகு மேலும் ஈராண்டு நீட்டலாம். இப்படி நீட்டிக்கொண்டே போகலாம். இது கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான ஆயுதம், மற்றவர் அஞ்ச வேண்டாம் என்று அன்று உறுதி கூறப்பட்டது. அந்த உறுதி பேச்சில் இருந்தது. சட்டத்தின் எழுத்தில் இல்லை. 1987 அக்டோபரில் 'லாலாங் நடவடிக்கை' என்ற பெயரில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிக்கப்பட்டார்கள். எதிர்க்கட்சியார், ஆசிரியர்கள், சமூக ஊழியர்கள் ஆகியோருடன், போக்குவரத்துத் தொழிலாளர் தலைவர் வி. டேவிட்டும் அவர்களில் ஒருவர். அந்தச் சட்டம் 2012இல்தான் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த சொஸ்மா சட்டமும், விசாரணைக்காகப் போலீஸ் ஒருவரை 28 நாள் வரை வைத்திருக்க இடம் கொடுத்தது.

நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அவசரகாலத்தில் இரு பக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவே நின்று பால் வெட்டியவர்கள் நாம். அமைதியின் அருமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் குற்றம் செய்தவனைக் கோர்ட்டில் நிறுத்தித் தண்டிப்பது வேறு. கோர்ட்டையே பார்க்காமல் ஒருவனை அடைப்பது வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் காக்கச் சொல்கிறோம்.

இனி, பேசினால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வருவோம். உண்டு.

2011 நவம்பர் 22ஆம் தேதி அமைதிப் பேரணி மசோதா பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. கூட்டம் கூட முப்பது நாளுக்கு முன்பே போலீசுக்கு அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வக்கீல்களும் பொதுமக்களும் கூக்குரல் எழுப்பினார்கள். முப்பது நாள் பத்து நாளானது. மக்கள் சபை அதை நிறைவேற்றிய நவம்பர் 29ஆம் தேதி, நூற்றுக்கணக்கான வக்கீல்கள் பார்லிமெண்டை நோக்கி நடந்தே சென்றார்கள். அன்று மசோதா நிற்கவில்லை. ஆனால் பேச்சும் நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பத்து நாளை ஐந்து நாளாக்கியது; தெரு ஊர்வலத்தின் மீதிருந்த தடையும் நீங்கியது. 2025 ஜூலை 1ஆம் தேதி, அறிவிப்புக் கொடுக்காதவருக்குப் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்கும் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிப்புக் கொடுக்கும் கடமையை அந்தத் தீர்ப்பு நீக்கவில்லை. அதைத் தவறவிட்டவரைக் குற்றவாளியாக்கும் கொடுமையை நீக்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். மசோதா மேஜைக்கு வந்ததற்கும் மக்கள் சபையில் நிறைவேறியதற்கும் இடையே இருந்தது ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தில் பேசியவர்கள் இருபது நாளைக் குறைத்தார்கள். சட்டமான பிறகு மிச்சத்தைக் குறைக்க எட்டு ஆண்டுகளும், அபராதத்தை அகற்றப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலும் ஆயின.

இதே சட்டத்தில் தோட்டத்து மக்களுக்கென்றே எழுதியது போன்ற ஒரு விதி இருக்கிறது. அது 11ஆம் பிரிவு. கூட்டம் நடக்கும் இடத்தின் உரிமையாளரிடம் அல்லது அதை வைத்திருப்பவரிடம் சம்மதம் பெற வேண்டும் என்பது அந்தப் பிரிவு எழுதப்பட்ட விதம். பட்டணத்தில் இருப்பவருக்கு நகராட்சித் திடல் இருக்கிறது. நமக்கு? நாம் நடக்கும் செம்மண் சாலை பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம். லயத்து வாசலும், பிள்ளைகள் பந்தாடும் திடலும் அப்படியே. தனியார் நிலமானாலும், பொதுமக்கள் புழங்கும் இடம் என்றால் இந்தச் சட்டத்துக்குள் வரக்கூடும். ஆக, எவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடுகிறோமோ அவரிடமே போய், "உங்களைப் பற்றிக் குறை சொல்ல உங்கள் இடத்தைத் தாருங்கள்" என்று கேட்க வேண்டும்!

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தொழில் தகராறு காரணமாகச் சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தமும் மறியலும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. கல்யாணம், இழவு ஊர்வலம், சங்கத்தின் பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்குப் போலீஸ் அறிவிப்புத் தேவை என்றும் சட்டம் சொல்லவில்லை. ஆனால் தோட்டம் கைமாறி லயத்தைக் காலி செய்யச் சொன்னால், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை வேறிடத்துக்கு மாற்றினால், குழாயில் தண்ணீர் வராமல் போனால், அதற்குக் கூடுவதைத் தொழில் தகராறு என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்களா? அங்கேதான் 11ஆம் பிரிவு நம் கழுத்தைப் பிடிக்கிறது.

இந்தப் பிரிவைத் திருத்த அமைச்சரவை இணங்கியிருப்பதாகவும், அதுவரை அதன்கீழ் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும் என்றும் 2025 பிப்ரவரியில் பிரதமர் பார்லிமெண்டில் அறிவித்தார். நல்ல அறிவிப்பு, அதை நாம் வரவேற்றோம். ஆனால் 1960ஐ மறந்துவிடக் கூடாது. அறிவிப்பு எந்தச் சொற்களில் சட்டத்தில் ஏறுகிறது என்பதே நமக்கு முக்கியம். நிலச் சொந்தக்காரரின் சம்மதம் எடுக்கப்பட்டு, அதன் இடத்தில் போலீஸ் அதிகாரியின் அனுமதி வைக்கப்பட்டால் நமக்கு என்ன லாபம்? பூட்டு அதே பூட்டு. சாவி மட்டும் கை மாறியது என்றாகும். அறிவிப்பது வேறு, அனுமதி கேட்பது வேறு என்ற உண்மை எழுத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே எந்த மசோதா வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். ஒன்று: முடிவு செய்யும் அதிகாரம் யார் கையில்? நீதிபதியா, மந்திரியா, அதிகாரியா? இரண்டு: எத்தனை நாளுக்கு? அதற்கு முடிவு எழுதியிருக்கிறதா? மூன்று: தவறு நடந்தால் யாரிடம் முறையிடலாம்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத மசோதாவை, எவ்வளவு இனிய பெயர் சூட்டி அனுப்பினாலும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மசோதா மலாயிலும் ஆங்கிலத்திலும் வருகிறது, தமிழில் வருவதில்லை. செக்ரோல் புத்தகத்தில் ஒரு காசு பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கண்ணை மசோதாவின் மீதும் வையுங்கள். புரிந்ததைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு வாயால் சொல்லுங்கள். புரியாததைச் சங்கத்தின் தலைமையகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த நமக்கு இது ஆகுமா என்று தயங்க வேண்டாம். சட்டத்தின் பாஷை கடினம். அதன் நோக்கம் கடினமல்ல.

பால்வெட்டுத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தொகுதிப் பிரதிநிதி யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், அவர் உங்கள் ஓட்டில் உட்கார்ந்திருக்கிறார். மசோதா வந்த வாரத்திலேயே கிளையின் சார்பில் கடிதம் போகட்டும். இந்தப் பிரிவு, இந்தச் சொல், இதற்குப் பதிலாக இந்தச் சொல் என்று குறிப்பாகக் கேளுங்கள். "மசோதாவை எதிர்க்கிறோம்" என்று மொட்டையாக எழுதினால் கடிதம் கூடைக்குப் போகும். சொல்லைக் காட்டி எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இன்று நம்மோடு அடுத்த நிரையில் வெட்டுபவர் பங்களாதேஷிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். அமைதியாகக் கூடும் உரிமையை இந்த நாட்டின் அரசியல் சட்டம் 10ஆம் பிரிவில் பிரஜைகளுக்கே அளிக்கிறது. பேரணிச் சட்டமும் பிரஜையல்லாதவரை வெளியே நிறுத்துகிறது. நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இங்கே பிரஜையல்லாதவர்களாகத்தான் கூடினார்கள். அதனால்தான் அவர்களை நாடு கடத்த முடிந்தது. பேச முடியாத அந்தத் தோழருக்காகவும் சேர்த்துப் பேச வேண்டிய கடமை, பேச முடிந்த நமக்கு இருக்கிறது.

மழை பெய்த பிறகு மங்கைக் கவிழ்த்து என்ன பயன்? மேகம் கறுக்கும்போதே கவனிப்போம். மசோதா மசோதாவாக இருக்கும்போதே படிப்போம், கூடுவோம், பேசுவோம்.