துருவ ஒளி நம் ஊரில் தெரியுமா?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியது)

2024 மே 10-ஆம் தேதி இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவப்பாகக் கேமராவில் பதிந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். "மொட்டை மாடிக்குப் போனால் இங்கும் தெரியுமா சார்?" என்று பலர் கேட்டீர்கள். தெரியாது.

சூரியன் வீசும் மின்துகள்கள் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும். எவ்வளவு உலுக்கின என்பதைப் பல நாட்டு காந்தமானிகள் பதிவு செய்கின்றன. வங்கியில் தினமும் மாலையில் கணக்கு முடிப்போமே, இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முடிக்கிறார்கள். 0 முதல் 9 வரை வரும் அந்த எண்ணுக்குக் கேபி என்று பெயர். எண் ஏற ஏற, ஒளி துருவத்தை விட்டுக் கீழே இறங்கும். அன்று 9 வரை போனது. அப்போதும் ஹான்லேயில் அடிவானத்தோரம்தான்.

காந்த நடுக்கோடு நம் தென்கோடிப் பக்கமாகப் போகிறது. விழுப்புரமும் திண்டிவனமும் அதற்குப் பக்கத்து வீடு மாதிரி. ஒளி இவ்வளவு தூரம் வராது. ஆனாலும் அளவீடு இங்கும் உண்டு. அடுத்துள்ள புதுச்சேரியிலேயே இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் காந்தமானி இருக்கிறது.

வைப்புத்தொகையை உடைத்து நார்வே போக நினைப்பவர்களுக்கு ஒன்று. சூரியப் புயல் இங்கு வர ஒன்று முதல் மூன்று நாள். ஆகவே ஆறு மாதம் முன்பே "இந்தத் தேதியில் நிச்சயம்" என்று எந்த ஏஜெண்டும் சொல்ல முடியாது. வடக்கு நார்வேயில் கேபி 2 கூடப் போதும். மேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜூனில் டிக்கெட் மலிவு என்றால் வாங்கிவிடாதீர்கள். அப்போது அங்கே இரவே கிடையாது.