கவனிச்சாச்சு, பிறகு?

(ஸ்காபரோ கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறேன். ஆசிரியை இல்லை. ஆனால் ஒரு பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் தெரிவது எனக்குத்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று கிழமையாய் அப்பிடி. கேட்டால் "பசிக்கேல்லை அன்ரி". நாலாம் கிழமை, "எனக்கு உயிரோட இருக்க விருப்பமில்லை" எண்டு சொன்னா. எனக்கு வாயில ஒரு சொல்லும் வரேல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு ரீச்சரிட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளை இப்ப நல்லா இருக்கிறா, அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

காகிதத்தில் குறை இல்லை. ஒன்ராறியோ கல்வி அமைச்சின் 169ஆம் இலக்கக் கொள்கைக் குறிப்பு 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பாடசாலைச் சபைக்கும் உளநலத் திட்டமும் தற்கொலைத் தடுப்பு நடைமுறையும் இருக்க வேண்டும் என்கிறது. பயிற்சிகளும் உண்டு: அரைநாள் 'சேஃப்டோக்', இரண்டு நாள் 'அசிஸ்ட்'. இரண்டாவதை நான் பிறகு சொந்தக் காசில் படித்தேன். அங்கே சொல்லித்தருவது, "தற்கொலை செய்ய யோசிக்கிறியா?" எண்டு நேரே கேக்கிறது. கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே விதைச்சிடுவம் எண்டு எங்கட ஆக்கள் பயப்பிடினம். அப்படி இல்லை. கேட்டால் பிள்ளைக்கு மூச்சு வருகிறது. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் மணித்தியாலக் கூலிக்கு நிற்கிற எங்களைப் பயிற்சி நாளுக்கு யாரும் கூப்பிடவில்லை.

2022 நவம்பர் ஞாபகம் இருக்கா? கியூப்பி சங்கத்தின் 55,000 கல்விப் பணியாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்புரவுப் பணியாளர், உதவி ஆசிரியர், அலுவலகப் பணியாளர். சராசரி வருமானம் ஆண்டுக்கு 39,000 டொலர் என்று சங்கம் சொன்னது. வேலைநிறுத்தத்தைத் தடுத்த 28ஆம் இலக்கச் சட்டத்தை அரசு திருப்பி எடுக்க வேண்டி வந்தது. நாங்கள் அதைச் சம்பளப் போராட்டமாய் மட்டும் பார்த்தோம். பிள்ளைகள் மனம் திறந்து கதைக்கிறது இந்த ஆக்களோடதான், தோழர்களே. இரண்டாவது வேலைக்கு ஓடுகிற ஒருவரால் நின்று கேட்க முடியாது.

இது எங்களுக்குப் புதிது இல்லை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அதனால் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஆசிரியர்களுக்கும் கிராம சேவகர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், தமிழிலேயே கைநூல் எழுதினார்கள். அதை நான் புனிதமாக்க வரவில்லை. யாழ் மாவட்டத்தில் 399 பிள்ளைகளை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2012இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் 5 கிழமையில் 15 அமர்வுகள் நடத்தினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பலன் வரவில்லை. போரின் நெருக்கடி அன்றாடம் குறைவாய் இருந்த பிள்ளைகளுக்கே கூடுதலாய் உதவியது. பெண் பிள்ளைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், அமர்வு கிடைக்காமல் காத்திருந்தவர்களுடையதைவிடக் குறைவாகவே தணிந்தன.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்காபரோதான் ஞாபகம் வந்தது. பேஸ்மென்ற் வாடகை, அம்மாவுக்கு இரவு வேலை, அகதி வழக்குக்குத் திகதி வரவில்லை. இந்த நெருக்கடி தொடரும்வரை பயிற்சி பாதி வேலைதான் செய்யும். பாதியும் வேணும், ஆனால் பாதி எண்டு தெரிஞ்சுகொண்டு கேக்க வேணும்.

பயத்தையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகித்தால் 'சில்ரன்ஸ் எயிட்'டுக்கு அறிவிக்க வேண்டியது சட்டக் கடமை. அது தேவை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே எங்கட வீடுகளில் "ஸ்கூல்ல ஒண்டும் சொல்லாத" எண்டு பிள்ளையின்ர வாயைக் கட்டிவிடுவினம். பெற்றோரோடு அவர்களுடைய மொழியில் எப்படிக் கதைப்பது என்பது நான் படித்த பயிற்சியில் இல்லை. 988 உதவி எண்ணும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் பேசுகிறது. இதற்குள் பொலிசும் வருகிறது. போராடித்தான் 2017இல் ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையைப் பள்ளிக்கூடங்களில் பொலிஸ் நிறுத்துகிற திட்டத்தைக் கைவிடச் செய்தோம். 2025இல் நிறைவேறிய 33ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கதவை மறுபடி திறந்திருக்கிறது. அதே ஆண்டு ஜூனில் மாகாண அரசு சபையையும் தன் கண்காணிப்பாளரின் கையில் கொடுத்தது. மனம் உடைந்த பிள்ளைக்கு முன்னால் துவக்கு வைத்த ஆள் நின்றால் எங்கள் பயிற்சியெல்லாம் தண்ணியில போட்ட உப்புத்தான்.

ஆகவே எங்கள் கோரிக்கை: பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் சம்பளத்தோடு பயிற்சி, அதைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். ஆள் கவனித்தபிறகு கூட்டிக்கொண்டு போக அந்தக் கட்டடத்திலேயே ஒரு சமூக சேவையாளர் வேண்டும்.

பின்னால் மேசையில் தாள் வைத்திருக்கிறோம். உங்கட தம்பி, தங்கச்சி படிக்கிற பள்ளிக்கூடத்துக்குச் சமூக சேவையாளர் கிழமைக்கு எத்தனை நாள் வருகிறார் என்று விசாரித்து எழுதித் தாங்கோ. அலுவலகத்தில் சொல்லவில்லை என்றால் சாப்பாட்டு நேரம் நிற்கிற அன்ரியைக் கேளுங்கோ.