பக்கவாத்தியத்துக்குச் செவி உண்டா?



சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி வாணி விழாவில் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்று என் மனத்தை இன்னும் உறுத்துகிறது. மிருதங்கம் வாசிப்பவரால் அன்று வர இயலவில்லை. பாட வேண்டியவன் எட்டாந்தர மாணவன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கீபோர்ட்டுடன் ஆயத்தமாக இருந்தான். "தாளத்தைப் பெட்டி பார்த்துக்கொள்ளும், பயப்பிடாமல் பாடும் தம்பி" என்று தைரியம் சொன்னவன் நான்தான்.

இரண்டாவது சரணத்தில் பிள்ளைக்கு அடி மறந்துபோயிற்று. ஒரு கணம் நின்றான். பெட்டி நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த தாளத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். முடியாமல் அழுதுகொண்டு மேடையை விட்டு இறங்கினான்.

அக்கருவியைக் குறை கூற நான் வரவில்லை. அதன் செயல் வியக்கத்தக்கது. சேர்ந்தொலிக்கும் மூன்று நான்கு சுரங்களை இடது கை அழுத்தினால், அச்சுரக்கூட்டு எதுவென்று அது இனங்காணும். தன்னுள் ஏற்கெனவே பதிந்திருக்கும் டிரம்ஸ், பேஸ் கிற்றார் முதலிய பகுதிகளை அதற்கேற்ற சுருதியில் இசைக்கும். தொடக்கத்துக்கு ஒரு பொத்தான், இடைநிரப்புக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஒரு குழுவினர் செய்த வேலையை ஒருவர் செய்வது இதனால்தான். வேலையிழந்த வாத்தியக்காரரின் கவலையும் இதனால்தான்.

இவ்வெண்ணம் புதியதன்று. 1959 இல் அமெரிக்காவின் வூர்லிற்சர் நிறுவனம், ஓர்கன் வாசிப்போருக்குத் துணையாகப் பன்னிரண்டு தாளங்களைத் தானே ஒலிக்கும் பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டது. அதற்கு இட்ட பெயர் 'சைட்மான்'. பக்கத்திலிருந்து வாசிப்பவன் என்று பொருள். ஆளின் பெயரைப் பெட்டிக்கு வைத்துவிட்டார்கள்!

இன்னொரு வழியும் பிறந்தது. 1963 இல் பாரிஸில் ரெறி றைலி என்னும் அமெரிக்க இசைஞர், இரண்டு பதிவுக் கருவிகளுக்கிடையே ஒரே ஒலிநாடாவை ஓடவிட்டு, வாசித்த ஒலி சற்றுப் பிந்தித் திரும்பத் திரும்ப வரும்படி செய்தார். இன்று காலால் மிதிக்கும் சிறு கருவி அதைச் செய்கிறது. மேடையில் அப்போதே வாசித்தது சுழன்று சுழன்று வரும். அதன்மேல் மேலும் வாசிக்கலாம். பிழை விட்டால் அப்பிழையும் சுற்றுக்கொரு தடவை திரும்பி வரும். 2019 இல் வந்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 சுரக்கூட்டு வரிசையையே இவ்வாறு சுழற்றுகிறது. இடது கைக்கும் ஓய்வு கிடைத்துவிட்டது.

கைக்கு ஓய்வு கிடைக்கலாம், காதுக்குக் கிடைக்கலாமா?

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நினைத்துப் பாருங்கள். மாதவியின் ஆடலுக்குத் துணை நிற்கும் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தகுதி வகுக்கிறார் இளங்கோவடிகள். தண்ணுமையாசிரியனின் கடமை என்ன? பிற கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்ப வேண்டும்; மிகை நேர்ந்தால் அடக்க வேண்டும். காது கொடுத்துக் கேளாதவன் குறையை எப்படி அறிவான்? பல ஆண்டுகளாக இதை வகுப்பில் படிப்பித்து வருகிறேன். மேடையோரத்தில் நின்றபோது மறந்துவிட்டேன். ஒரு மிருதங்கக்காரர் இருந்திருந்தால் இரண்டு ஆவர்த்தனம் வாசித்து இடைவெளியை நிரப்பி, கண்ணால் ஒரு சாடை காட்டிப் பிள்ளையை மீட்டிருப்பார்.

விழா முடிந்த பின் அந்தக் கீபோர்ட் மாணவன் கையேட்டைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒரு பொத்தானை முன்கூட்டியே அழுத்தி வைத்தால், இடது கையை எடுத்த கணமே தாளம் நிற்கும். மீண்டும் விரல் வைத்தால் தொடரும். "சேர், நிற்கிறதுக்கும் அதிலே வழி இருந்திருக்கு. நான்தான் அவனைப் பார்க்கவில்லை" என்றான். அவன் பார்க்காததற்கு, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்ற என் வார்த்தையே காரணம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

இவ்வாண்டு அதே பிள்ளை பாடினான், அதே பெட்டிதான். வாசித்தவனின் கண்கள் மட்டும் பொத்தான்களில் இல்லை, பாடுபவனின் முகத்தில் இருந்தன. ஓரிடத்தில் பிள்ளை தடுமாறினான். கை எழுந்தது, தாளம் நின்றது, பிள்ளை மூச்செடுத்து மீண்டும் தொடங்கினான். சபையில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

பெட்டிக்குச் செவி இல்லை, நேயர்களே. அதன் முன் இருப்பவருக்கு இருந்தால் போதும்.